விண்ணப்பதாரர் பார்க்கக் கூடாத கடிதம்

நவம்பர் 3, ஞாயிறு

வக்கீல் டைரியில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் சும்மாதானே கிடக்கின்றன, அதில் எழுதிக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் வாய்தா இல்லாத நாட்களின் பக்கங்களும் என்னுடையவைதான்.

இன்று மூன்று கறுப்பு கோட்டுகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஒன்று என்னுடையது, இரண்டு சங்கரபாண்டியன் சாருடையவை. "அவர் கோட்டை நீ எதுக்குத் துவைக்க?" என்று என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் கேட்டார். சலவைக் கடைக்காரன் பித்தானை உடைத்துவிடுகிறான் என்றேன். பதினோரு வருடமாக சாரிடம் ஜூனியராக இருக்கிறேன். ஒரு கோட்டைத் துவைத்தால் கை தேய்ந்தா போகும்?

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். விண்ணப்பிக்கத் தீர்மானித்துவிட்டேன். ஹாலந்தில் ஒரு பல்கலைக்கழகம், சர்வதேசச் சட்டத்தில் முதுகலை, ஒரு வருடப் படிப்பு. உதவித்தொகையும் உண்டாம். எனக்கு வயது முப்பத்தாறு. இந்த வயதில் எவளாவது பேனாவும் பையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவாளா என்று அத்தை வீட்டில் பேசுவார்கள். பேசட்டும்.

கேட்டிருப்பவை: சட்டப் பட்டத்தின் மதிப்பெண் பட்டியல், முத்திரை வைத்த உறையில். ஆங்கிலத் தேர்வு முடிவு. ஏன் இந்தப் படிப்பு என்று எண்ணூறு வார்த்தை. இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஒன்று பாடம் நடத்தியவரிடம், ஒன்று வேலை வாங்கியவரிடம். கடைசி நாள் ஜனவரி 15. அன்று மாட்டுப்பொங்கல். ஹாலந்துக்காரனுக்கு அதெல்லாம் தெரியுமா என்ன.

நவம்பர் 7, வியாழன்

மதிப்பெண் பட்டியலுக்காகச் சட்டக் கல்லூரிக்கு மூன்றாவது முறை அலைந்தேன். "சீல் வைக்கிறவர் லீவு" என்றார்கள். அரக்கும் மெழுகுவத்தியும் மேசையில்தான் இருந்தன. நானே வைத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

நவம்பர் 10, ஞாயிறு

எண்ணூறு வார்த்தையில் நானூற்று ஐம்பது தேறியிருக்கிறது. ஏன் சர்வதேசச் சட்டம்? உண்மையான காரணம் ஒருத்திதான். நான்கு வருடம் முன்பு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அந்தோணியம்மாள் என்று ஒரு பெண் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். கப்பலில் வேலைக்குப் போன புருஷன், முதலாளி கைவிட்ட கப்பலோடு ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் பதினான்கு மாதமாக மாட்டிக்கொண்டிருந்தான். கப்பல் ஒரு நாட்டுக் கொடியில், முதலாளி வேறொரு நாட்டில், சம்பளம் எந்த நாட்டிலும் இல்லை. "எங்க போய் கேஸ் போடணும் மேடம்? நீங்க சொல்லுங்க, நான் நடந்தே போயிருதேன்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பதினைந்து புத்தகம் புரட்டியும் தெரியவில்லை. அவன் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டான், பல் இரண்டு போய், சம்பளம் முழுவதும் போய். அவள் ஆபீசுக்கு வந்து எனக்கு நன்றி சொன்னாள் பாருங்கள், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நவம்பர் 14, வியாழன்

கல்லூரிப் பேராசிரியரைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்த மாதிரி நடித்தார், நானும் நம்பிய மாதிரி நடித்தேன். "நீயே அடிச்சுக் கொண்டாம்மா, போட்டுத் தாரேன்" என்றார். அடித்துத்தான் கொண்டு போயிருந்தேன். படிக்காமலே போட்டார். நம் ஊரில் பரிந்துரைக் கடிதம் என்றால் யாருக்கு வேண்டுமோ அவர் எழுதுவது, யாரிடம் வேண்டுமோ அவர் கையெழுத்திடுவது. யாரும் இதைத் தப்பென்று நினைப்பதில்லை. நானும்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

இடுப்பு விட்டுப்போகிறது. காலையில் சப்-கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. நாங்கள் பிரதிவாதி தரப்பு. சார் எழுந்தார், ஆறு நிமிடம் அருமையாக வாதாடினார். வாதி தரப்புக்கு! எதிர் வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு ரசித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, "எதிர்த்தரப்பு இப்படியெல்லாம் சொல்லக்கூடும் என்பதை எங்கள் சீனியர் எடுத்துக்காட்டினார், இனி ஒவ்வொன்றுக்கும் பதில்" என்று ஆரம்பித்துப் பேசி முடித்தேன். நீதிபதி சிரித்தார்.

முந்தின நாள் சார் சரியாகத் தூங்கவில்லை. அவ்வளவுதான். எந்த வழக்கு, எந்தக் கோர்ட், யார் தரப்பு என்று சீட்டு எழுதிக் காலையில் அவர் கோட்டின் இடது பையில் வைத்துவிடுவேன். இன்று வலது பையில் தேடியிருப்பார். சீனியருக்குச் சீட்டு எழுதித் தருவது எல்லா ஜூனியரும் செய்வதுதான்.

நவம்பர் 24, ஞாயிறு

சாரிடம் சொல்லிவிட்டேன். நேற்று மாலை, கட்சிக்காரர்கள் போன பிறகு.

"ஹாலந்தா? எதுக்கும்மா?"

"படிக்க சார். ஒரு வருஷம்தான். உங்க கடிதம் ஒண்ணு வேணும்."

"எழுதிக்கோ. கையெழுத்துப் போடுதேன்."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க போறேன்னு சொன்ன?" என்றார். நான் சொன்னதைக் காதில் வாங்கினால்தானே! எப்போதும் இப்படித்தான், அடுத்தவர் காரியம் என்றால் அலட்சியம். கோபத்தில் "ஹாலந்து" என்று கத்திவிட்டேன் போல, வராந்தாவில் இருந்த குமாஸ்தா கோமதிநாயகம் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

டிசம்பர் 2, திங்கள்

பரிந்துரைக் கடிதத்தை ஏற்றுவதற்கான இணைப்பு பல்கலைக்கழகத்திலிருந்து சாருடைய மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. சாருடைய மின்னஞ்சலைத் திறப்பது, பதில் போடுவது, பார் அசோசியேஷன் மலருக்குக் கட்டுரை எழுதுவது, இரங்கல் செய்தி அனுப்புவது எல்லாம் நான்தான். ஆக, எனக்கான கடிதத்தைக் கேட்டு எனக்கே வந்திருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

ஆவுடையப்பனுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக்கு லீவு. கஞ்சி, ரசம், மாத்திரை. பையன்களின் ஆங்கிலப் பரீட்சைத் தாள் அறுபது கட்டிலில் பரப்பிக் கிடக்கிறது, அதற்கு நடுவில் படுத்திருக்கிறார். அவர் புலம்பலைக் கேட்க முடியவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

உட்கார்ந்தேன். "செல்வி செண்பகவல்லியை எனக்கு" என்று ஆரம்பித்து, செல்வி இல்லை திருமதி என்று அடித்து, அங்கேயே நின்றுவிட்டேன். சாரின் குரலில் நான் எழுதாத காகிதம் இல்லை. செத்துப்போன ஜட்ஜ்களைப் பற்றி இரண்டு பக்கம் கண்ணீர் வரும்படி எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி நான்கு வரி வரவில்லை. "கடின உழைப்பாளி" என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது. இத்தனை வருடத்தில் சார் என்னைப் பற்றி ஒரு வார்த்தை, நல்லதோ கெட்டதோ, சொன்னதில்லை. எதை வைத்து எழுதுவேன்?

போதாக்குறைக்குப் பல்கலைக்கழகத்தின் அந்த இணைப்புப் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். "இக்கடிதத்தை நானே எழுதினேன். விண்ணப்பதாரர் இதைப் பார்க்கவில்லை என உறுதி கூறுகிறேன்." அதில் டிக் அடித்தால்தான் மேற்கொண்டு போகும்.

ஆயிரம் பிரமாண வாக்குமூலம் தயார் செய்திருப்பேன். "என் அறிவுக்கு எட்டியவரை உண்மை" என்று கட்சிக்காரனுக்குப் படித்துக்காட்டாமலே ரேகை வாங்கியிருக்கிறேன். இந்தச் சின்னக் கட்டத்தில் வந்து கை நிற்கிறது. என்ன கேடோ!

டிசம்பர் 11, புதன்

சாரிடம் சொன்னேன், "நீங்கதான் எழுதணும் சார். நான் எழுதக் கூடாது, பாக்கவும் கூடாதாம்."

"நான் எழுதி எத்தன வருஷம் ஆச்சு தெரியுமாம்மா?"

"தெரியும். அதனாலதான் கேக்கேன்."

குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்து ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நான் கேட்டதில் என்ன தப்பு? ஒரு கடிதம். ஒரே ஒரு கடிதம்.

டிசம்பர் 13, வெள்ளி

சார் கோர்ட்டுக்கு வரவில்லை. ஃபைல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். நான்கு வழக்குகளையும் நானே பார்த்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

இன்றும் அதேதான். "பச்சை லெட்ஜர் பேப்பர் ஒரு குயர் வாங்கிட்டுப் போனாவ வக்கீலம்மா, குப்பைத்தொட்டி நெறஞ்சு கெடக்கு" என்றார் அண்ணாச்சி. ஒரு பக்கக் கடிதத்துக்கு இருபத்துநாலு தாளா? வேண்டுமென்றே இழுக்கிறார். என்னைப் போகவிடக் கூடாது, அதற்குத்தான் இத்தனையும்.

டிசம்பர் 18, புதன்

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் மகள் கைப்பேசியில் படம் பிடித்து ஏற்றினாள். சார் பக்கத்தில் நின்று தானே அந்தக் கட்டத்தில் விரலால் தொட்டாராம்.

அண்ணாச்சி அத்தோடு விட்டாரா? முப்பது வருடப் பழக்கம், கடிதத்தின் தலையில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, குறுக்கே கோடு போட்டு கேன்சல் செய்து, அதன் பிறகுதான் படம் எடுக்கவிட்டிருக்கிறார். "ஸ்டாம்ப் இல்லன்னா ரிட்டர்ன் பண்ணிருவான்லா" என்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று.

டிசம்பர் 29, ஞாயிறு

ஆங்கிலத் தேர்வு முடிவு வந்துவிட்டது. தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல். முத்திரை உறையும் வந்துவிட்டது. எல்லாம் தயார். ஆனாலும் சந்தோஷம் என்று ஒன்றும் தெரியவில்லை, அசதிதான் தெரிகிறது. கோர்ட் விடுமுறை என்பதால் சாரைப் பார்த்து ஆறு நாள் ஆகிறது. சாப்பிட்டாரா என்று அண்ணாச்சிக்கு மூன்று முறை போன் போட்டுவிட்டேன்.

ஜனவரி 4, சனி

வழக்கம்போல சாருடைய மின்னஞ்சலைத் திறந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தது. "தங்கள் கடிதம் எங்களால் படிக்க இயலாத மொழியில் உள்ளது. விண்ணப்பதாரர் அல்லாத, தகுதியுள்ள ஒருவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை, தங்கள் ஒப்புதல் கையெழுத்துடன் அனுப்பவும். மேலே ஒட்டப்பட்டுள்ள ஸ்டாம்ப் எதைக் குறிக்கிறது என்றும் தெரிவிக்கவும்."

தமிழில் எழுதியிருக்கிறார். ஹைகோர்ட் வரை போய் ஆங்கிலத்தில் பொளந்து கட்டிய மனிதர். என்ன திமிர் இது என்று கொதித்துப்போய்த் திரையைக் கீழே நகர்த்தினேன். கடிதத்தையும் இணைத்திருந்தார்கள். பார்க்கக் கூடாதுதான். பார்த்துவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இங்கே எழுதி வைக்கிறேன். அவர் எழுதியபடியே.

"ஐயா, நான் நாற்பத்தொரு வருடமாக வழக்கறிஞர். அதில் கடைசி இரண்டு வருடம் நான் தொழில் செய்யவில்லை. என் பெயரில் திருமதி செண்பகவல்லி செய்துவருகிறார். காலையில் என் கோட்டுப் பையில் ஒரு சீட்டு இருக்கும். அது இல்லாவிட்டால் நான் யாருக்காக நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது. கையில் எடுத்துப் படித்த பிறகும் சில நாள் தெரிவதில்லை.

"இது எனக்குப் புரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். புரியும். நான் வெட்கப்படுவேன் என்று பயந்து அவர் சொல்லவில்லை. அவர் போய்விடுவார் என்று பயந்து நான் சொல்லவில்லை. என் நினைவு பிசகியதால் எந்தக் கட்சிக்காரரும் தோற்கவில்லை. காரணம் அவர். கோர்ட்டில் இதை மறைத்தது குற்றமானால் அது என் குற்றம்.

"ஆங்கிலத்தில் எழுதப் பார்த்தேன். வார்த்தைகள் வரவில்லை. முன்பு வரும். ஐந்து நாளாக எழுதுகிறேன். எழுதியதை மறந்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். பதினோரு வருடத்தில் அவர் தனக்காக என்னிடம் கேட்ட ஒரே வேலை இது. அதனால் முடித்தேன். அவரைப் போல ஒரு வக்கீலை நான் பார்த்ததில்லை. இதை அவரிடம் சொன்னதில்லை."

இந்த மனிதரைத்தான் அலட்சியம் என்று எழுதினேன், திமிர் என்று எழுதினேன், வேண்டுமென்றே இழுக்கிறார் என்று எழுதினேன். அழுதேன். அரிசி களைந்துகொண்டே அழுதேன். சின்னவளாக இருந்தால் கத்தி அழுதிருக்கலாம்.

ஜனவரி 6, திங்கள்

"உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தெரியும் வக்கீலம்மா. நீங்க ஒண்ணும் சொல்லல, நான் எப்படிச் சொல்ல?"

ஒரே ஆபீசில் மூன்று பேர், இரண்டு வருடம், ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு. நல்ல கூத்து!

ஜனவரி 8, புதன்

அனுப்புவதா வேண்டாமா. அனுப்பினால் சாரின் மானத்தை நானே கவரில் போட்டு அனுப்பியதாகும். அனுப்பாவிட்டால் விண்ணப்பம் பாதியில் செத்துப்போகும். நாமே வேறு கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் எழுதி, "மொழிபெயர்ப்பு" என்று போட்டுவிட்டால் ஹாலந்தில் எவனுக்குத் தெரியும்? இதையும் யோசித்தேன். மறைக்கவில்லை.

ஆவுடையப்பனிடம் கடிதத்தின் பிரதியை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ அனுப்பலன்னா இவரு அஞ்சு நாளு கஷ்டப்பட்டது யாருக்கு?" என்றார்.

"நான் போயிட்டா இவருக்கு யாரு இருக்கா?"

"நீ இருந்தா மட்டும்? இன்னும் எத்தன வருஷம் கோட்டு துவைப்ப?"

என்ன மனிதர் பாருங்கள், ஆரம்பத்திலிருந்தே இவருக்கும் தெரிந்திருக்கிறது. வாய் திறந்தாரா! திட்டித் தீர்த்துவிட்டேன். பிறகு அவரே மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்தவர் விண்ணப்பதாரரின் கணவர் என்றும், கடிதத்தை விண்ணப்பதாரர் இப்போது படித்துவிட்டார் என்றும் அடியில் எழுதச் சொன்னேன். தள்ளுபடி செய்தால் செய்துகொள்ளட்டும்.

இன்னொன்றும் தீர்மானித்தேன். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பொங்கல் கழிந்ததும் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி வக்காலத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது. கோயம்புத்தூரில் இருக்கும் சாரின் மகளுக்கும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகிறாள்.

ஜனவரி 10, வெள்ளி

ஒப்புதல் கையெழுத்து வாங்கப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "சார், நான் படிச்சுட்டேன்" என்று ஆரம்பிப்பதாக இருந்தது.

சார் குளித்து, விபூதி பூசி, மேசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காகிதங்களையும் வைத்தேன். தமிழ்க் கடிதத்தை எடுத்து, அந்தக் காலத்தில் என் வரைவுகளைப் படிப்பாரே, அப்படி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"யாரும்மா இந்த வக்கீலு?" என்றார்.

"நம்ம ஊரு வக்கீல்தான் சார்" என்றேன்.

"பாவம். உண்மைய மறைக்காம எழுதிருக்கான். நல்ல மனுசன். ஆனா டிராஃப்டிங் போதாது."

"என்ன சார் போதாது?"

"பிரேயர் எங்க? கதையச் சொல்லிருக்கான், என்ன வேணும்னு கேக்கவே இல்லையே. இப்படியே ஃபைல் பண்ணுனா கோர்ட்டு என்னன்னு உத்தரவு போடும்?" மறுபடி மேலே போய்ப் படித்தார். "இந்தப் பொண்ணு எத்தன வருஷமா உள்ள இருக்கா?"

ஜெயிலைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

"பதினோரு வருஷம் சார்."

"அடப்பாவமே! தண்டனையே அவ்வளவு இருக்காதேம்மா. போதும்லா."

பேனாவைக் கேட்டு வாங்கினார். எழுத்து கோர்ட்டுக்குப் போகும் அதே எழுத்து, சாய்வே இல்லாமல். கடிதத்தின் கீழே எழுதினார்:

"எனவே, கனம் கோர்ட்டார் அவர்கள் கருணை கூர்ந்து, மேற்படி செண்பகவல்லியை உடனடியாக விடுதலை செய்து உத்தரவிட வேண்டுமாய்ப் பணிவுடன் பிரார்த்திக்கிறேன்."

இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு, தேதி என்ன என்று கேட்டுத் தேதியும் போட்டார். "இன்னைக்கே ஃபைல் பண்ணிரு" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மாலையில் ஆவுடையப்பன் அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "இதையும் போடணுமா?" என்று கேட்டார்.

"போடுங்க. ஒரு வார்த்தை விடாம போடுங்க" என்றேன்.

ஐந்தரைக்கு அனுப்பிவிட்டோம்.